என் குரலில் பேசியவள்

மார்ச் 4, செவ்வாய்

காய்ச்சல். கடைக்கு லீவு. போன் செய்து சொன்னது வழக்கம்போல அம்மாதான். “சார், நான்தான் பேசறேன், உடம்புக்கு முடியல” என்று எனக்கே இல்லாத என் குரலில். எனக்குத் திக்குவாய். நேரில் எப்படியோ சமாளித்துவிடுவேன். கடையின் பின்னறையில் மூக்குக்கண்ணாடி லென்ஸ் தேய்ப்பவளிடம் யார் வந்து கதை பேசப்போகிறார்கள்? போன் என்றால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் பள்ளிக்காலத்திலிருந்து இந்த முப்பத்து நாலு வயது வரை போனில் நான் என்றால் அம்மா. என்னைக் கல்யாணத்துக்குக் கேட்ட ஒருவரை நானாகப் பேசி வேண்டாம் என்றதும் அவள்தான். என்ன தெளிவான பேச்சு என்று அவர் பாராட்டினாராம். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

மார்ச் 6, வியாழன்

அம்மாவின் கழுத்தில் கட்டி. தைராய்டு சுரப்பியில் பாதியை எடுக்க வேண்டுமாம். பக்கத்திலேயே குரலுக்குப் போகும் நரம்பு. கொஞ்ச நாள் குரல் கம்மலாம், அபூர்வமாகப் போய்விடவும் செய்யலாம் என்றார் டாக்டர். இத்தனை வருஷம் பேசியது போதாதா என்று அம்மா சிரித்தாள்.

எனக்கு முதலில் தோன்றியது என்ன? இனி எனக்காக யார் போன் பேசுவார்கள் என்று. சீ! நானெல்லாம் ஒரு மகளா?

மார்ச் 7

வலது கண் அளவில் இடது லென்ஸைத் தேய்த்துத் தொலைத்தேன். முதலாளி வேறு லென்ஸ் எடுத்துக் கொடுத்தார்.

மார்ச் 9, ஞாயிறு

காலையிலிருந்து அம்மா எனக்காக ஒவ்வொரு நம்பராகப் போட்டுப் பேசித் தள்ளுகிறாள். வாஷிங்மெஷின் ரிப்பேர்க்காரர், என் கண்ணாடிக்கடை முதலாளி, பல் டாக்டர். செப்டம்பர் வரை என் பற்களுக்கு நேரம் வாங்கியாயிற்று. போதும், விடு என்றேன்.

“குரல் இருக்கும்போதே முடிச்சு வச்சுடறேன்டி.”

எழுந்து அறைக்குள் போய்விட்டேன். கோபம். யார் மேல்? தாங்கித் தாங்கித்தான் என்னை இப்படி ஆக்கினாளோ? தாங்காமல் இருந்திருந்தால்? சேர்ந்து வாசித்தால் எனக்குத் திக்காது. அதைக் கண்டுபிடித்ததே அவள்தான். எட்டாவது மட்டும் படித்தவள், என் பாடங்கள் அத்தனையையும், அந்தப் பாழாய்ப்போன பௌதிகத்தைக்கூட, தினமும் என்னோடு கூடவே சத்தமாக வாசித்தாள். பத்து வருஷம். அர்த்தம் ஒன்றும் புரியாது அவளுக்கு. என்மேல்தான் கோபம் வர வேண்டும்.

மார்ச் 12, புதன்

இன்று அம்மாவுக்கு ஆபரேஷன். எழுதிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரி பாரத்தில் கூட இருப்பவர் பெயர் என்ற இடத்தில் என் பெயர். நம்பர் மட்டும் அம்மாவுடையது. எந்த பாரத்திலும் எனக்கு அந்த நம்பர்தானே, அம்மாவின் கை தானாக எழுதிவிட்டது. நானும் கவனிக்கவில்லை. தியேட்டர் இரண்டு மாடி மேலே. கீழே என் மடியிலிருந்த அவள் பையில் போன் அடித்தது.

எடுத்தேன். நர்ஸ். பாதியை எடுத்தாகிவிட்டது, சோதித்ததில் அது கெட்ட கட்டி. மறுபாதியையும் இப்போதே எடுத்துவிடுவது நல்லது, ஆனால் அந்தப் பக்கத்து நரம்புக்கும் ஆபத்து, டாக்டர் காத்திருக்கிறார், உங்கள் முடிவு என்ன என்றாள். எனக்கு வெறும் மூச்சுதான் வந்தது. ஹலோ ஹலோ என்று வைத்துவிட்டாள்.

ஐயோ, அம்மா உள்ளே கழுத்துத் திறந்து கிடக்கிறாள்!

மறுபடி அடித்தது.

“வை... வைக்காதீங்க. எனக்குத் தி... திக்கும்.”

வாழ்க்கையில் யாரிடமும் சொன்னதில்லை. “மெதுவா சொல்லுங்க, நான் இருக்கேன்” என்றாள்.

“எ... எ... எடுத்துடுங்க. கு... குரல் போனா போகட்டும். எனக்கு அ... ஆள் வேணும்.”

அம்மாவின் குரலை நான்தான் கொடுத்தேன். என்னைக் கேட்டுத்தான் எடுத்தார்கள்.

மார்ச் 15

பிழைத்துவிட்டாள். குரல் இல்லை. காற்றுதான் வருகிறது. திரும்புமா என்றால், பார்க்கலாம் என்கிறார்கள்.

ஏப்ரல் 2

வீடு ‘உம்’மென்று இருக்கிறது. ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. திட்டினால் வாங்கிக் கட்டிக்கொள்ளலாம் என்று அம்மா முன்னால் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்: போனில் நான்தான் சொன்னேன் என்று, முதலில் என்ன நினைத்தேன் என்று, இந்த ஜன்மத்தில் உனக்கு நன்றி சொல்லி முடியாது என்று. சொல்லி முடிக்க அரைமணி ஆனது. அழுதேன். அவள் என் தலையைக் கோதிவிட்டு, தாளை இழுத்து எழுதினாள்: ‘நானா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். நாளைக்குப் பல் டாக்டர், மறக்காதே.’

ஏப்ரல் 20, ஞாயிறு

மத்தியானம் சித்தி போன் செய்தாள். பழக்கத்தில் அம்மாவே எடுத்து வாயைத் திறந்துவிட்டாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

அக்கா எப்படி இருக்கா என்றாள் சித்தி.

“அ...” மாட்டிக்கொண்டது. வேறு சொல்லுக்குத் தாவப் பார்த்தேன், வேண்டாம் என்று நின்றேன். எதிரே அம்மாவின் உதடுகள் எனக்காக அந்தச் சொல்லைச் சொல்லக் கிளம்பிவிட்டன. சட்டென்று தன் உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டாள்.

“அ... அம்மா நல்லா இருக்கா சித்தி.”

சித்தி அடுத்த கேள்வி கேட்டாள். அதற்கடுத்ததும் கேட்டாள். பேசி முடிக்கும்வரை அம்மா கையை எடுக்கவில்லை.