ஒரே ராத்திரியில் வந்த குரல்

பிப்ரவரி 4, செவ்வாய்

பனி. கொடியில் போட்ட துணி காலை ஒன்பது மணிக்கும் ஈரம். அந்த ஈரச் சேலையோடுதான் பள்ளிக்கூடம். நாலாம் வகுப்பு முழுக்க இருமல்.

வாங்க வேண்டியவை: சீனி, சோப்பு, மயில்நீலச் சேலைக்குப் பொருத்தமான நூல் (தையல்காரி ஜாக்கெட்டில் இன்னும் கையே வைக்கவில்லை), தைராய்டு மாத்திரை. டப்பாவில் நாலுதான் மிச்சம்.

மாலை ஆறு மணிக்கு அண்ணன் வீட்டில் பயிற்சி. கார் நிறுத்தும் கொட்டகைதான் எங்கள் ஸ்டுடியோ, சுவரெல்லாம் முட்டை அட்டை. அண்ணன் கீபோர்டு. அவன் மனைவி, மைனி, முதல் குரல். நான் இரண்டாம் குரல். அப்பா கட்டைக் குரல். ஒன்றரை வருடத்துக்கு முன்பு வரை கல்யாணத்துக்கும் அடக்க ஆராதனைக்கும் பாடிக்கொண்டிருந்த நாலு பேர். ‘மூடின தொண்டையைத் திறந்தவரே’ பாட்டு யூடியூபில் ஏறிய பிறகு முற்றத்தில் வண்டி விட இடமில்லை. ஏப்ரலில் மஸ்கட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். மைனி பெட்டியே வாங்கிவிட்டாள்.

இவருக்கு, என் வீட்டுக்காரருக்கு, அங்கேதான் வேலை. பார்த்து இரண்டு வருடம் ஆகிறது. தினமும் போனில் ஒரே கேள்வி: “டிக்கெட் போட்டாச்சா?”

பயிற்சி முடியும்போது அண்ணன் சொன்னான்: “வெள்ளி, சனி, ஞாயிறு மூணு நாளும் மார்த்தாண்டம் கன்வென்ஷன். சாட்சிய இன்னும் கொஞ்சம் நீட்டணும், கேட்டியா. பாட்ட விட சாட்சிக்குத்தான் ஆள் வருது.”

சாட்சி என்றால் என் சாட்சி, கர்த்தர் எனக்குச் செய்த அற்புதத்தின் கதை. சொல்வது அவன். பக்கத்தில் நின்று தலையாட்டுவது நான்.

பிப். 5, புதன்

ஜாக்கெட் இன்னும் வரவில்லை. சமையல்: மரச்சீனிக் கிழங்கு, சாளைக் கறி. சாப்பிடப் பிடிக்கவில்லை. மனசில் ஒரு வெப்ராளம், நிலைகொள்ளாத பதற்றம், காரணம் தெரியாததுபோல் நடிக்கிறேன். தெரியும்.

யாரும் படிக்காத நோட்டு இது. உள்ளதை ஒருமுறை எழுதி வைக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு தைராய்டு ஆப்பரேஷன். கண் விழித்தபோது குரல் இல்லை, காற்றுதான் வந்தது. டாக்டர் யாரும் கையை விரிக்கவில்லை. “நரம்பு அசந்திருக்கு, வரும், பொறுமையா இருங்க” என்றுதான் சொன்னார்கள். வியாழன்தோறும் லீவு போட்டு திருவனந்தபுரம் பஸ். அங்கே குரல் பயிற்சி கொடுத்த பெண் என்னைவிட ரொம்பச் சின்னவள். டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ரா வைத்து ஊதச் சொல்வாள். ஊது, ஊதிக்கொண்டே முனகு, மறுபடி ஊது. ஐந்து மாதம். அழுகையும் ஆத்திரமுமாக ஐந்து மாதம்.

அப்புறம் ஒரு ராத்திரி குடும்ப ஜெபத்தில் கீர்த்தனையின் இரண்டாம் வரியில் என் குரல் சுத்தமாக வந்து நின்றது. மைனி ஓவென்று அழுதாள். அப்பா பாட்டை நிறுத்திவிட்டுக் கூரையைப் பார்த்தார். அதெல்லாம் சத்தியம்.

அடுத்த ஞாயிறு கோயிலில் சாட்சி நேரம். எழுந்து சொன்னேன்: “அந்த ஒரே ராத்திரியில் கர்த்தர் என் குரலைத் திருப்பித் தந்தார்.” ஐந்து மாதத்தை விட்டுவிட்டேன். டம்ளரும் ஸ்ட்ராவும் ஸ்தோத்திர ஆராதனையில் எடுபடுமா? ஜனங்கள் “ஆமென்” என்றார்கள். இனித்தது. அதை மறைத்து என்ன செய்ய, இனிக்கத்தான் செய்தது.

அதை வைத்து அண்ணன் பாட்டு எழுதினான். பிறகு ஒவ்வொரு மேடையிலும் கண், காது, மூக்கு வைத்தான். ஆனால் முதல் பொய் என்னுடையது.

பிப். 8, சனி, காலை

தூக்கம் சரியில்லை. நேற்று நடந்ததை எழுதினால் இறங்குமா பார்க்கலாம்.

நல்ல கூட்டம். பந்தல் நிரம்பி ரோடு வரை நாற்காலி. மயில்நீலம் எடுப்பாக இருந்ததாக எல்லோரும் சொன்னார்கள். அண்ணன் சாட்சி சொல்கிறான்: “பெரிய பெரிய டாக்டர்மாரெல்லாம் கைய விரிச்சிட்டாங்க. இனி இந்தப் பிள்ள பேசாதுன்னு எழுதியே குடுத்துட்டாங்க! ஆனா ஒரே ராத்திரி...” அல்லேலூயா சத்தத்தில் பந்தல் அதிர்ந்தது. எழுதிக் கொடுத்த சங்கதி எனக்கே புதிது. தலையாட்டினேன்.

மேடையிலிருந்து இறங்கியதும் ஒரு பெண் கையைப் பிடித்தாள். ஐம்பது வயதிருக்கும். கருத்த, மெலிந்த முகம்.

“மோளே, எனக்க மவ பிரின்சிக்கும் இதே ஆப்பரேஷன்தான். ரெண்டு மாசமாச்சு. சத்தம் இல்ல, காத்துதான் வருது. உங்களுக்க சாட்சிய போன்ல கேட்ட அண்ணைக்கே மாத்திரைய நிறுத்திட்டேன். விசுவாசத்துல நிக்கியோம். இண்ணைக்கு பத்தொம்பது நாளு.”

“பிள்ளை எப்படி இருக்கா?” என்று கேட்டேன்.

“எப்பளும் உறக்கம். மொகமெல்லாம் வீங்கிக் கெடக்கு. எழுப்பி உக்கார வச்சாலும் மறுபடி சாஞ்சு உறங்கிருவா. சத்துரு பிசாசு போராடுதான், இல்லியா?”

சத்துரு இல்லை அம்மா, மாத்திரை இல்லாததால்தான், நானே இன்று காலை விழுங்கிவிட்டுத்தான் வந்தேன். இவ்வளவும் நாக்கு நுனி வரை வந்தது. பின்னால் ஆயர், கமிட்டிக்காரர்கள், போட்டோவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள். “ஷைனி, இங்கோட்டு வா” என்று அண்ணன். என் வாயிலிருந்து வந்தது: “ஜெபம் பண்ணுங்கம்மா.”

யோசித்துச் சொல்லவில்லை. இருமல் வருவதுபோல் வந்துவிட்டது. அவள் என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். மூன்று போட்டோவுக்குச் சிரித்துவிட்டுத் தேடினால் ஆள் இல்லை. வேன்கள் கிளம்பிவிட்டன. அவள் பெயர் கேட்கவில்லை. ஊர் கேட்கவில்லை.

சனி, மதியம்

அண்ணன் வீட்டுக்குப் போனேன். மைனி வாழைப்பழத்தை மாவில் முக்கி ஏத்தங்காய் அப்பம் பொரித்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணா, இண்ணைக்கு சாட்சி வேண்டாம். இல்லேன்னா நான் உள்ளதச் சொல்லுவேன்.”

“உள்ளதத்தான சொல்லுதேன். சத்தம் வந்துதா இல்லியா?”

“அஞ்சு மாசம் கழிஞ்சு வந்துது.”

“கர்த்தருக்கு அஞ்சு மாசமும் ஒண்ணுதான், ஒரு ராத்திரியும் ஒண்ணுதான். அது கெடக்கட்டு. ஒரு ராத்திரின்னு மொதல்ல சொன்னது யாருட்டி? நானா?”

நான்தான். நுணலும் தன் வாயால் கெடும்.

பிரின்சி விஷயத்தைச் சொன்னேன். அவன் முகம் ஒரு நிமிடம் மாறியது. “நாம மாத்திரைய நிறுத்தச் சொன்னமா? எங்கயாவது சொல்லியிருக்கமா?” என்றான். சொல்லவில்லைதான். சொல்லாமலே நிறுத்த வைத்திருக்கிறோம்.

மைனி தட்டை நீட்டினாள். “மஸ்கட்காரங்க மூணு நாளும் லைவ்ல பாக்காங்க பிள்ளே. ஏப்ரல் கழியட்டு. பெறவு பைய சொல்லிக்கிடலாம்.” கெட்ட மனசு இல்லை அவளுக்கு. ராத்திரி பகல் பார்க்காமல் பாடித் தொண்டை புண்ணானவள்.

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். ஏப்ரல் வரை தள்ளினால் என்ன என்று நானும் ஒரு நிமிடம் நினைத்தேன். இவர் முகம் வந்தது. விமான நிலையத்தில் இவர் எந்தச் சட்டை போட்டு நிற்பார் என்றுகூட வந்தது. இன்னும் இரண்டு மாதம். பத்தொன்பது நாளிலேயே எழும்ப முடியாத பிள்ளைக்கு இரண்டு மாதம்.

இரண்டு ஏத்தங்காய் அப்பம் தின்றேன். அதுவும் இறங்கியது.

பிப். 9, ஞாயிறு, காலை கோயிலுக்கு முன்

நேற்று மாலை கூட்டத்தில் முகம் முகமாகத் தேடினேன். அவள் வரவில்லை. கமிட்டிக்காரர் ஒருவரிடம் விசாரித்தேன். “எத்தனையோ எடத்துல இருந்து வேன் வந்துது டீச்சர். எதுல யாரு வந்தான்னு நான் என்னத்தக் கண்டேன்?”

அண்ணன் சாட்சி சொன்னான். இந்தமுறை நான் தலையாட்டவில்லை. குனிந்து நின்றேன். உடனே அவன் மைக்கில், “பாருங்க, இண்ணைக்கும் அத நெனச்சா எனக்க தங்கச்சிக்குக் கண்ணீர் வருது!” என்றான். முன்வரிசைப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். எப்படி நின்றாலும் சாட்சி ஆகிவிடுகிறது. பேசினால்தான் உண்டு.

அப்பாவிடம் காலையில் எல்லாம் சொன்னேன். செருப்பில் பாலீஷ் போட்டுக்கொண்டே கேட்டார். அண்ணனைக் குறை சொல்லவில்லை, என்னையும் சொல்லவில்லை. “மூணாவது பாட்டு முடியும்போ மைக்கு உங்கிட்டதான் இருக்கும். அவன் தண்ணி குடிப்பான்” என்றார். மறுபடி செருப்பைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார்.

செருப்பு போதும் போதும் என்று மின்னியது.

பிப். 10, திங்கள்

பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். கரும்பலகையில் தேதி தப்பாக எழுதினேன்.

நேற்று மூன்றாவது பாட்டு முடிந்தது. அண்ணன் தண்ணீர் பாட்டிலை எடுத்தான். நான் பேச ஆரம்பித்தேன். என்ன சொன்னேன் என்று வார்த்தைக்கு வார்த்தை நினைவில்லை. ஐந்து மாதம் என்று சொன்னேன். டம்ளர், ஸ்ட்ரா, வியாழக்கிழமை பஸ், பயிற்சி கொடுத்த பெண். டாக்டர் எழுதிக் கொடுக்கவில்லை என்று சொன்னேன். முதலில் மாற்றிச் சொன்னது நான்தான், அண்ணன் இல்லை என்று சொன்னேன். நான் தினமும் மாத்திரை சாப்பிடுகிறேன், சாகும் வரை சாப்பிடுவேன் என்று சொன்னேன். “பிரின்சிக்க அம்மை எங்கயாவது கேட்டுட்டு இருந்தா, இண்ணைக்கே பிள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க.” இது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

நடுவில் அண்ணன் கீபோர்டில் சுருதி கொடுத்து என்னை நிறுத்தப் பார்த்தான். நான் வாயை மூடிக் காத்திருந்தேன். அவன் விட்டதும் மறுபடி பேசினேன். கடைசியில் அவனே கையை எடுத்துவிட்டான்.

ஆமென் இல்லை. அல்லேலூயா இல்லை. யாரோ இருமினார்கள். பிறகு அந்தப் பாட்டையே பாடினோம். இரண்டாம் வரியில் எனக்குச் சுருதி விலகியது. மைனி தன் குரலைத் தாழ்த்தி என்னைப் பிடித்து ஏற்றினாள். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

போட்டோவுக்கு யாரும் வரவில்லை. பந்தலுக்குப் பின்னால் மைக் வயர் சுற்றும் இடத்துக்கு ஒவ்வொருவராக வந்தார்கள். எண்ணினேன், பதினொரு பேர். ஒரு பெரியவர், சட்டைப் பையைத் தடவிக்கொண்டு: “எனக்கு சுகர் டீச்சர். ஊசி போடாம ஒரு மாசமாச்சு. போடணுமா?” ஒரு கொத்தனார், பிரஷர் மாத்திரை. ஒரு புதுப் பெண், வலிப்பு மாத்திரை, மாமியாருக்குத் தெரியாமல் நிறுத்தியிருக்கிறாள். என்னை டாக்டர் என்று நினைக்க வேண்டாம், நாளைக்கே டாக்டரிடம் போங்கள் என்று பதினொரு பேரிடமும் சொன்னேன். ஒருத்திக்காகப் பேசினேன், பதினொரு பேர் வந்தார்கள். அந்த ஒருத்தி வரவில்லை.

அண்ணன் எங்களை விட்டுவிட்டு காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அப்பாவும் நானும் பஸ். நான் மயில்நீலச் சேலையும் அவர் மேடைக் கோட்டுமாக நின்றுகொண்டு வந்தோம்.

இன்று காலை மஸ்கட்காரர்கள் அண்ணனிடம், “நிகழ்ச்சி பற்றி அப்புறம் பேசலாம்” என்றார்களாம். மைனி மெசேஜ். வேறு ஒரு வார்த்தை இல்லை.

மாலை இவர் போன். “நீ செஞ்சது செரிதான்.” பிறகு, “அப்போ ஏப்ரல்ல இல்ல, இல்லியா?”

அழுகை வந்தது. அழுதேன்.

பிப். 11, செவ்வாய்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் தெரியாத நம்பர். “பிரின்சிக்க அம்மையாக்கும்.” வகுப்பை அடுத்த டீச்சரிடம் விட்டுவிட்டு வேப்பமரத்தடிக்கு ஓடினேன்.

அண்டை வீட்டுப் பெண் லைவில் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். நேற்றே ஆஸ்பத்திரி. டாக்டர் வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு மாத்திரையைத் திரும்பத் தொடங்கியிருக்கிறார். படுக்க வைக்க வேண்டாம், வாரா வாரம் வந்து காட்டினால் போதும் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டாராம். “உங்கள வையணும்னுதான் போன் எடுத்தேன். சத்தம் கேட்டதும் வாய் வரல்ல” என்றாள். நம்பர் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். யூடியூபில் இருந்த நம்பருக்குக் கூப்பிட்டாளாம். அது அண்ணன் நம்பர். என்னோடு இரண்டு நாளாகப் பேசாத அண்ணன்தான் என் நம்பரைக் கொடுத்திருக்கிறான்.

அரை நாள் லீவு. கருங்கல் பக்கம், ரப்பர் தோட்டத்துக்குள் வீடு. ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போனேன், கல்யாண வீட்டுக்குப் போவதுபோல். அம்மை வாசலில் நின்றாள். “வாங்க” என்றாள், சிரிக்கவில்லை. அது எனக்கு வேண்டியதுதான்.

பிரின்சி பிளஸ் ஒன். கண் இரண்டும் வீக்கத்துக்குள் சின்னதாக. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஐந்து மாதத்தையும் சொன்னேன். முதல் மாதம் ஒன்றுமே வரவில்லை என்று. இரண்டாம் மாதம் டம்ளரைச் சுவரில் எறிந்தேன் என்று. நாலாம் மாதம் ஒரு முனகல், அதுவும் கன்றுக்குட்டி கத்துவது மாதிரி. அவள் விரல் விட்டு எண்ணிக்கொண்டே கேட்டாள். அம்மை பால் விடாத கட்டஞ்சாயா கொண்டுவந்து வைத்துவிட்டுச் சுவரோடு நின்றாள்.

கிளம்ப எழுந்தபோது பிரின்சி என் சேலையைப் பிடித்தாள். குரல் வரவில்லை, காற்றுதான். குனிந்து வாய்ப் பக்கம் காதை வைத்தேன்.

“எனக்கு ஒரே ராத்திரியில வரல்லியே. அதனால கர்த்தருக்கு என்னையப் பிடிக்கல்லன்னு நெனச்சேன் அக்கா.”