வெலிமடையில் பார்த்த கார்

அன்பு மகனுக்கு,

நீ வாங்கித் தருவதாகச் சொன்ன காரைப் பார்க்க முந்தாநாள் அப்பாவும் நானும் வெலிமடைக்குப் போனோம். விற்பவர் புவாத் என்ற மரக்கறி வியாபாரி. அப்பா எஞ்சின் சத்தத்தை நின்று கேட்டார். கதவோரம் விரலால் தடவி, "இங்க அடிபட்டுப் பெயின்ட் பூசியிருக்கீங்க" என்றார். முப்பது வருசமாகத் தோட்டத்து லொறி ஓட்டுகிறவர் அல்லவா! புவாத்துக்கே ஆச்சரியம்.

பிறகு ஓட்டிப் பார்த்தார். புவாத் பக்கத்தில், நான் பின்னால். நல்ல வெயில். லீக்ஸ் கட்டுகளைச் சுமந்துகொண்டு மூன்று பெண்கள் பாதையைக் கடந்தார்கள். அப்பா வேகத்தைக் குறைக்கவே இல்லை. நான் கத்தினேன். புவாத் ஹேன்ட் பிரேக்கை இழுத்தார். ஒரு முழம் தள்ளி வண்டி நின்றது.

"கண்ணு தெரியலையா?" என்று ஒருத்தி ஏசினாள்.

அப்பா இறங்கி, "பிரேக் பிடிக்கல" என்றார்.

"ஓம் அண்ணன், பழைய வாகனம்தானே" என்றார் புவாத்.

திரும்பும்போது பஸ்ஸின் பெயர்ப்பலகையை நான்தான் வாசித்துச் சொன்னேன். "கார் சரியில்லைனு மகனுக்கு எழுதிரு" என்றார் அப்பா. இரத்தத்தில் இருக்கிற சீனி வருத்தம் கண்ணுக்கு ஏறி எத்தனை மாதமோ, அவர் சொல்லவில்லை.

தினமும் அவருடைய லொறியில் நாற்பது பெண்கள் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறார்கள். நேற்றுத் தோட்டத்து ஒபிசுக்குப் போய் அவர் கண்ணைப் பற்றி நானே சொல்லிவிட்டேன். இன்று காலை அவருக்கு லொறிச் சாவியைக் கொடுக்கவில்லை.

"எவனோ வயித்தெரிச்சல்ல சொல்லிட்டான்" என்று ஏசிவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். போட்ட சோறு அப்படியே இருக்கிறது.

அப்பாவோடு போனில் பேசும்போது, கார் சரியில்லை என்பதை நீ நம்பியதாகவே பேசு.

உன் அம்மா