மொட்டைத் தலைக்கு ஒரு தொப்பி

தங்கைக்கு, அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை.

என்னைக் கேட்காமலே, என் கீமோவுக்காக சர்ச் கூடத்தில் மொட்டை விருந்து வைத்தாய். எனக்குத் துணையாக என்று நீயும் உன்னோடு பிங்கோ ஆடும் தோழிகளும் தலையை மழித்துக்கொண்டீர்கள். நான் மட்டும் தலைநிறைய முடியோடு ஆப்பிள் பை தின்றுகொண்டிருந்தேன். அதுதானே உனக்குப் பொறுக்கவில்லை?

"முடி கொட்டல, வாந்தி இல்ல, ரெண்டாவது துண்டு வேற கேக்கறா. மருந்து இவளுக்குக் கேக்கவே இல்லடி" என்று அந்தத் தோழிகளில் ஒருத்தியான லொரெய்னிடம் சொன்னாய், என் காதில் விழும்படியாக.

அன்றிலிருந்து வாந்தியை நிறுத்தும் மாத்திரையைக் கழிப்பறையில் கொட்டினேன். வாந்தி வந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்று நானும் நம்பித் தொலைத்தேன். குடலே வெளியே வந்துவிடும் போல வாந்தி எடுத்து, ஆஸ்பத்திரியில் டிரிப்ஸோடு கிடந்தேன். நீ பூச்செண்டோடு வந்து, "அப்பாடா, இப்பத்தான்க்கா கேக்குது!" என்று சிரித்தாய்.

டாக்டரம்மா என்னைத் திட்டித் தீர்த்துவிட்டாள். "வாந்திக்கும் கட்டிக்கும் சம்பந்தமே இல்லம்மா. மருந்து கேக்குதான்னு ஸ்கேன்தான் சொல்லும்." உன் விருந்துக்கு முந்தின நாள் எடுத்த ஸ்கேனைக் காட்டினாள். கட்டி அப்போதே பாதியாகச் சுருங்கியிருந்தது.

நீ எனக்காகப் பின்னிய கம்பளித் தொப்பியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். வினிபெக்கில் பனி கொட்ட ஆரம்பித்துவிட்டது. எனக்கு முடி இருக்கிறது, நீ போட்டுக்கொள்.

உன் அக்கா