நகல்: ஒரு பத்தி

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணா,

இங்கே நலம். அம்மா, அண்ணி, நீங்கள் மூவரும் நலமாக இருப்பீர்கள் என்று நானே எடுத்துக்கொள்கிறேன். இரண்டு நாளாக உங்கள் ஃபோனை எடுக்காததற்குத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். காரணத்தைப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

திங்கட்கிழமை என் மேசைக்கு வந்த கோப்புகளில் மூன்றாவது உங்களுடையது. பள்ளிப் பிள்ளைகள் பாடத்தில் சந்தேகம் கேட்கிற இணையதளம், அதில் பெரியவர்கள் பிள்ளைகளோடு தனியாக அரட்டை அடிக்கவும் வழியிருக்கிறது என்று படித்ததுமே, பெயரைப் பார்க்காமல் தெரிந்துவிட்டது. எழுந்து போய்ப் பிரிவுத் தலைவரிடம், "சார், இது எங்க அண்ணன் நடத்துறது" என்றேன். கோப்பை வாங்கி வேறொருவரிடம் கொடுத்தார். "ஃபோன்ல என்ன பேசினீங்கன்னு நாளைக்கு யாராவது கேட்டா நான் என்னம்மா பதில் சொல்வேன்? அண்ணன்கிட்ட எதுவா இருந்தாலும் எழுத்துல வச்சுக்குங்க. இந்த விஷயம் பத்தி ஒரு வரி இருந்தாலும் நகல் எடுத்துக் கோப்புல சேத்துடுங்க" என்றார்.

ஆகவே இனிக் கடிதம்தான். இணையத்தில் பிள்ளைகளின் பாதுகாப்பைக் கவனிக்கிற எங்கள் ஆணையத்திலிருந்து உங்களுக்கு நோட்டீஸ் வரும். இணையத்தில் சேவை நடத்துகிற யாரிடமும் தகவல் கேட்க எங்களுக்கு அதிகாரம் உண்டு. நான்கு வாரம் கெடு. பதில் சொல்லாவிட்டால் தப்பு. பொய்யான பதில் சொன்னால் அதைவிடப் பெரிய தப்பு, பொறுப்பாளர் சிறைக்கே போகலாம். தப்பாகச் சொன்னது பிறகு தெரிந்தும் திருத்தாமல் இருந்தால் அதுவும் பொய்தான். இதெல்லாம் ரகசியம் இல்லை, நோட்டீஸின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள்.

அம்மாவின் முழங்கால் பற்றி நிறைய எழுதுங்கள். அதற்கு நகல் வேண்டாம்.

உங்கள் அன்புத் தங்கை
நகல்: முழுக் கடிதம்


மார்ச் 2

ஆணையத்து வக்கீலம்மாவுக்கு அண்ணன் எழுதுவது.

அம்மாவின் முழங்கால் தேவலை. மாடிப்படி இறங்கும்போது மட்டும் உன் பேச்சை இழுக்கிறாள். "அவளுக்கு என்ன வந்துச்சு? உன்கிட்ட ரெண்டு வார்த்தை பேசினா வாய் வலிக்குமா?" விதியை விளக்கினேன். "அண்ணன்கிட்ட பேசறதுக்கு ஒரு விதியா?" என்று என்னைத்தான் முறைக்கிறாள். நீ அவளுக்குத் தனியாக ஃபோன் செய்து, நான் எடுத்தால் மட்டும் வைத்துவிடுகிற அழகையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

சின்ன வயதில் நான் ஜன்னல் கண்ணாடியை உடைத்தால், அப்பா வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிடுகிறவள் நீ. அப்படிப்பட்டவளை அதிகாரம் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார்களே என்று பயந்துகொண்டுதான் நோட்டீஸைப் பிரித்தேன். முப்பத்தொரு கேள்வி! எங்கள் அலுவலகம் உனக்குத் தெரியும், அச்சகத்துக்கு மேலே இரண்டு அறை, ஐந்து பேர். ஐந்து பேரும் தலையைப் பிய்த்துக்கொண்டோம். பொறுப்பாளர் என்று என் பெயரையே எழுதினேன். பதினேழாவது கேள்வி, புகார் வந்தால் எத்தனை மணி நேரத்தில் பார்க்கிறீர்கள் என்பது. இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் என்று நெஞ்சை நிமிர்த்தி எழுதினேன். இன்று அனுப்பியாயிற்று. அப்பாடா.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்


மார்ச் 9

அன்புள்ள அண்ணா,

செருப்புக் கதையும் நோட்டீஸும் ஒரே பத்தியில் இருந்ததால் இரண்டும் கோப்புக்குப் போயின. பிரிவுத் தலைவர் படித்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். என் மானத்தை வாங்குவதில் உங்களுக்கு நிகர் நீங்கள்தான்.

இவருக்குப் புதுக் கண்ணாடி. இப்போதுதான் என் முகமே சரியாகத் தெரிகிறதாம், பதினொரு வருடம் கழித்து. எங்கள் அலுவலகத்தில் லிஃப்ட் பழுது, மூன்று மாடி ஏறி இறங்குகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியானால் கை தானாக ஃபோனுக்குப் போகிறது. ஐந்து வாரமாக உங்கள் அசட்டு ஜோக்குகள் இல்லாமல் ஞாயிறு ஞாயிறாகவே இல்லை.

உங்கள் தங்கை
நகல்: ஒரு பத்தி


மார்ச் 16

அன்புள்ள தங்கைக்கு,

பூசி மெழுகாமல் எழுதிவிடுகிறேன். பதினேழாவது பதில் உண்மை இல்லை.

புகார்களைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் நவம்பரில் பிரசவ விடுப்பில் போனாள். அவள் இருந்தவரை ஒரு நாளைத் தாண்டாது. அந்த நினைப்பில்தான் எழுதினேன். அவளுக்குப் பதில் யார் பார்ப்பது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. நான் பார்க்கிறேன் என்று அவர்கள், அவர்கள் பார்க்கிறார்கள் என்று நான். பதில் அனுப்பிய பிறகு ஏதோ உறுத்தி, புகார்ப் பெட்டியைத் திறந்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு புகார், நான்கு மாதமாகத் திறக்காமல்.

அதில் மூன்று ஒரே அம்மா எழுதியவை. பாடம் சொல்லித் தருகிறேன் என்று ஒருவன் அவர் மகளிடம் படம் கேட்டிருக்கிறான், பள்ளி எங்கே என்று கேட்டிருக்கிறான். அந்த நிமிடமே அவனை நீக்கினேன். அந்த அம்மாவைக் கூப்பிட்டேன். பிள்ளைக்கு ஆபத்து ஒன்றும் இல்லை, அவரே ஃபோனைப் பிடுங்கி வைத்துவிட்டார். "நாலு மாசம் கழிச்சு வந்து மன்னிப்பு கேக்கறீங்களா சார்?" என்றார்.

அண்ணிக்குக்கூடத் தெரியாது. உனக்கு மட்டும்தான் எழுதுகிறேன்.

அண்ணன்


மார்ச் 28

அன்புள்ள அண்ணா,

உங்கள் கடிதம் 19ஆம் தேதி கிடைத்தது. இங்கே நல்ல மழை. லிஃப்ட் இன்னும் சரியாகவில்லை. அம்மாவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள். அண்ணிக்கு என் அன்பு. இவர் கேட்டதாகச் சொன்னார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை


ஏப்ரல் 6

என் தங்கைக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை திருப்பிப் பார்த்தேன். அடியில் நகல் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் கடிதத்தை நீ கோப்பில் வைக்கவே இல்லை என்று அப்போதுதான் விளங்கியது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஆணையத்துக்கு நேராக எழுதக் கை வரவில்லை. உனக்கு எழுதினால் நீ கோப்பில் வைத்துவிடுவாய், அவர்களே வந்து கேட்பார்கள் என்று கணக்குப் போட்டேன். என் சுமையை உன் தலையில் ஏற்றிய கோழைத்தனம் அது. ஒவ்வொரு நாளும் ஆணையத்திலிருந்து ஃபோன் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. எனக்காக நீ மறைக்கிறாய் என்று தெரிந்ததும், சத்தியமாகச் சொல்கிறேன், அந்த அம்மாவின் குரலைவிட அது அதிகமாகச் சுட்டது. ஜன்னல் கண்ணாடியைக்கூட விட்டுவைக்காதவளை நான் என்ன செய்துவிட்டேன்?

வெள்ளிக்கிழமை ரயிலேறி வந்து உங்கள் அலுவலகத்தில் கீழ்த்தளத்திலேயே திருத்தத்தை என் கையால் கொடுத்தேன். மூன்றாவது மாடியை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். படிவத்தில் ஒரு கேள்வி: "பதில் தவறு என்பதை இதற்கு முன் யாரிடமாவது தெரிவித்தீர்களா?" அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். நீ இதில் இல்லை. அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு.

அண்ணன்


ஏப்ரல் 11

அன்புள்ள அண்ணா,

கிழிக்கவில்லை.

உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அன்றைக்கே இரண்டு கடிதங்களையும் எடுத்துக்கொண்டு பிரிவுத் தலைவரிடம் போனேன். மார்ச் 16 கடிதத்தின் தலையில், எனக்குக் கிடைத்த தேதியையும் கோப்பில் வைக்கிற தேதியையும் எழுதினேன். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இருபத்தொரு நாள் எங்கம்மா இருந்துச்சு?"

"என் கைப்பைலதான் சார்."

"நீங்களா இப்படி?"

தினமும் மூன்று மாடி அதைச் சுமந்துகொண்டு ஏறினேன், சுமந்துகொண்டு இறங்கினேன். அதைப் படித்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தப் பெண் குழந்தை இல்லை, நீங்கள்தான். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. உங்கள் மேல் கோபமும் இருக்கிறது, அண்ணா. அதை எழுத்தில் வைக்க முடியாது.

நீங்கள் காலியாக விட்ட கட்டத்தில் என் பெயரைக் கொடுத்துவிட்டேன். அங்கே காலியாக விடுவதும் பொய்தான். நீங்களாக வந்து திருத்தியதைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்களா, எனக்குத் தெரியாது. அதைக் கேட்கிற இடத்தில் நான் இனி இல்லை. என் மேலும் விசாரணை. முடிகிறவரை வேலைக்கு வர வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மேசையைக் காலி செய்தேன். அப்பா செருப்பைக் கழற்றி ரொம்ப நேரமாகிவிட்டது, ஆனாலும் சொல்லிவிட்டேன்.

கிளம்பும்போது பிரிவுத் தலைவர் படி வரைக்கும் வந்தார். "கோப்புக்கும் உங்களுக்கும் இனிமே சம்பந்தம் இல்லம்மா. அண்ணன்கிட்ட ஃபோன்லயே பேசிக்கலாம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கூப்பிடுங்கள். முதலில் கொஞ்ச நேரம் திட்டுவேன். வைத்துவிடாதீர்கள்.

உங்கள் தங்கை
நகல்: தேவையில்லை