நான்கு ஒலிபெருக்கிகளும் ஒரு மின்னஞ்சலும்

அன்பு நண்பா,

இன்று காலை மின்னஞ்சல் எழுத அமர்ந்தேன். பெறுநர் கட்டத்தில் முதல் எழுத்தைத் தட்டியதுமே கணினி உன் முகவரியை நீட்டியது. நீ மறைந்து இரண்டு மழைக்காலம் கடந்த செய்தி அதற்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. உன் பெயரைப் பார்த்துச் சற்று நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன்.

கள்ளக்குறிச்சியில் நம் உழவர் சங்கத்துக்கு நான் செயலாளரான புதிது. மேடையில் முழங்கிப் பழகிய எனக்கு மின்னஞ்சலும் ஒரு மேடையாகவே தோன்றியது. கரியாலூரில் சாமை விதை வழங்கும் விழா. மழை இறங்குமுன் விதை மலையேறியாக வேண்டும். தவறினால் அந்த உழவர்களுக்குப் பருவமே பாழ். உன்னையும் சேர்த்துச் சங்கத்தார் நால்வருக்கு ஒரே மடல் விடுத்தேன். "மலைமுகடுகள் அதிர நம் குரல் ஒலிக்கட்டும்!" என்று தொடங்கி இரண்டு பக்கம். விதையை மறந்தேனல்லேன். "மூட்டைகளையும் யாரேனும் ஒருவர் ஏற்றி வருவீர்களாக" என்று கடைசிப் பத்தியில் எழுதியிருந்தேன்.

விழாவன்று நால்வரும் குறித்த நேரத்தில் வந்தீர்கள், ஆளுக்கோர் ஒலிபெருக்கியோடு! விதை மட்டும் கள்ளக்குறிச்சிக் கிடங்கில் உறங்கியது. மேகம் கறுத்துத் திரண்டது. முன்வரிசையில் ஓர் அம்மையார் எழுந்தார்.

"ஏங்க, மைக்க நட்டா சாமை மொளைக்குங்களா?"

திடலே கொல்லென்று சிரித்தது. மறுமொழி முழங்க நான் ஒலிபெருக்கியை நோக்கி நடந்தேன். நீதான் என்னை ஓரமாக இழுத்துப் போனாய்.

"தலைவரே, நாலு பேருக்கு ஒரே வேலய சொன்னா அது யார் வேல? அவரு எடுத்துக்கினு வருவாருன்னு நான் இருந்தேன், நான் எடுத்துக்கினு வருவேன்னு அவரு இருந்தாரு."

"விதை பற்றித் தெளிவாக எழுதினேனே!"

"மொத வரியில மைக்கு, கடைசி வரியில வெத. படிக்கிறவன் இன்னா எடுத்துக்கினு வருவான்?"

எழுத்தில் ஆணை வராமல் கிடங்கு திறவாது. என் அலைபேசியை வாங்கி நீயே தட்டினாய். பெறுநர் ஒருவர்தான்: கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் செல்வி.

"செல்வி, சாமை விதை மூட்டைகள் முழுவதையும் நம் வண்டியில் ஏற்றி, மூன்று மணிக்குள் கரியாலூர் பள்ளித் திடலுக்கு அனுப்புங்கள். மழை வந்தால் வழங்க முடியாது. வண்டி கிளம்பியதும் ஒரு வரி எழுதுங்கள். நன்றி."

"அவ்வளவுதானா? ஒரு வீரவணக்கமாவது…" என்றேன்.

"நன்றி போட்டுருக்கேன் இல்ல? கம்மியா எழுதினாத்தான் தலைவரே வண்டி கிளம்பும்."

சற்று நேரத்தில் மறுமொழி வந்தது: "வண்டி கிளம்பிடுச்சி." மூன்று மணிக்கு முன்பே விதையும் வந்தது. கடைசி மூட்டையைப் பிரித்து வழங்கியபோது முதல் துளி விழுந்தது. நான்கு ஒலிபெருக்கிகளையும் தார்ப்பாயால் மூடிவிட்டு நாம் நனைந்தோம். மடியில் விதையோடு அந்த அம்மையார் நம்மைப் பார்த்துக் கை தட்டினார்.

"மேடையில ஒரு வார்த்த பேசல நீங்க. இன்னிக்குத்தான் தலைவரே நல்லா பேசினீங்க," என்றாய்.

இன்று மீண்டும் விதைப் பருவம். உன் முகவரியை அழிக்காமல் அடுத்த எழுத்தைத் தட்டினேன். ஒருவர் பெயர், அவர் செய்ய வேண்டிய வேலை, முடிக்க வேண்டிய நேரம், அது ஏன் என்று ஒரு வரி, நன்றி. இப்போதுதான் மறுமொழி வந்தது: "கிளம்பிடுச்சிங்க." மேற்கே மலை கறுத்திருக்கிறது. மனம் துள்ளுகிறது.

உன்னிடம் ஒப்படைக்க எனக்கு இன்று வேலை ஏதும் இல்லை. அதனால்தான் நண்பா, இம்மடல் இத்தனை நீளம்.