மாடசாமிக்குக் கொண்டுபோன குப்பி

தாராவி, பம்பாய்
வைகாசி மாதம், 1949

என் மகன் சுயம்புவுக்கு அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். கல்கத்தாவில் உன் உடம்பு சுகமா என்று தினமும் கேட்கிறேன், பதில் சொல்ல ஆளில்லாததால் அடுப்பிடம் கேட்கிறேன். தங்கச்சி முப்பிடாதி சுனாபட்டியில் பெண்பிள்ளை பெற்றிருக்கிறாள், அச்சு அசல் உன் மூக்கு, பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது, பச்சைப்பிள்ளை முன்னால் என்ன அழுகை என்று சம்பந்தியம்மாள் திட்டினாள். மழைக்கு முன்னால் கூரைத் தகரத்தை மாற்றவேண்டும். அப்பா தோல்ஷாப்பிலிருந்து வந்ததும் தபால்காரன் வந்தானா என்று கேட்பார், பிறகு ஒன்றும் கேட்காதவர் மாதிரி வெற்றிலையைத் தேடுவார். போன பொங்கலுக்கு நீ போட்ட கார்டில், குடியை விட்ட பிறகுதான் வீட்டு வாசலை மிதிப்பேன், அதுவரை என்னைத் தேடவேண்டாம் என்று எழுதியிருந்தாய். பெற்றவளுக்கே உத்தரவு போடுகிற துரை! தேடாமல் எப்படியப்பா இருப்பேன்? சந்தில் யாராவது செருமினால்கூட நீதானோ என்று எழுந்துபோய்ப் பார்க்கிறேன்.

இங்கே ஒரு கூத்து நடந்தது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பக்கத்து வீட்டு மதீனா பீவியின் தம்பி குடித்துவிட்டுத் தெருவில் கிடந்தவன், உனக்குத் தெரியும், இப்போது ஆளே மாறி ஒழுங்காக வேலைக்குப் போகிறான். எப்படி என்று கேட்டேன். "குடியை விட்டவுக எல்லாம் ஞாயித்துக்கெழம மத்தியானம் சுடலைமாடன் பீடத்துப் பக்கத்துக் கொட்டாயில கூடுதாவ, அங்க போயித்தான் இவனும் தேறுனான், நீயும் போய்ப் பாரு யக்கா" என்றாள். எனக்கு மாடன் பேர் மட்டும்தான் காதில் நின்றது. நம்ம சாமியிடம் வெறுங்கையோடு போவதா? கோயில் கொடைக்குக் கொடை சாராயமும் சுருட்டும் படைக்காமல் அவர் யாருக்கு என்ன கொடுத்திருக்கிறார்? முக்காடு போட்டுக்கொண்டு நானே சாராயக்கடைக்குப் போய் ஒரு குப்பி வாங்கி, சுருட்டு, தேங்காய், பழத்தோடு ஓலைப்பெட்டியில் வைத்து எடுத்துப் போனேன். கொட்டகையில் ஆண்கள் கொஞ்சம் பேர் சாக்கு விரித்து வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் இரண்டு பேர் எழுந்தேவிட்டார்கள், யார் பெண்டாட்டி சண்டைக்கு வந்திருக்கிறாளோ என்று பயம். நான் பூசைக்குத்தான் கூடியிருக்கிறார்கள் என்று நினைத்து, நடுவில் பெட்டியை இறக்கி, குப்பியைத் திறந்துவைத்து, என் பிள்ளை குடியை மறக்கணும் சாமி என்று கண்ணை மூடிக் கும்பிட்டேன்.

வாடை கொட்டகை முழுக்கப் பரவிவிட்டது. வெயிலுமுத்து என்று ஒருத்தன், உன் வயசுதான் இருக்கும், குப்பியையே பார்த்தான், சட்டென்று எழுந்து வெளியே ஓடிவிட்டான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் தலையில் இடிவிழ! பெற்ற பிள்ளையைக் காப்பாற்றப் போனவள் ஊரார் பிள்ளைக்கு எமனைக் கொண்டுபோய் வைத்துவிட்டேனே. அந்தக் கூட்டத்தை நடத்துகிறவர் பிரம்மநாயகம் என்ற தையல்காரர், ஒரு காலத்தில் தைக்கக் கொடுத்த துணியையே விற்றுக் குடித்தவராம். அவர் கோபப்படவில்லை. "நீ தெரியாமத்தான் கொண்டாந்த தாயி, நாங்க அதைத் தொடமாட்டோம், நீயே சாக்கடையில ஊத்திட்டு வந்து உக்காரு" என்றார். சாமிக்கு வைத்ததைச் சாக்கடையில் ஊற்றக் கை கூசியது. மாடசாமி, கோபமிருந்தால் என்மேல் மட்டும் காட்டு, என் பிள்ளையை விட்டுவிடு என்று சொல்லி ஊற்றினேன். வெயிலுமுத்து அங்கேயே சுவரோரம் குத்தவைத்து அழுதுகொண்டிருந்தான். வாய்யா என்று தோளைத் தொட்டேன், கூடவே வந்துவிட்டான்.

பிறகு ஒவ்வொருவராகப் பேசினார்கள். உபதேசம் கிடையாது, நேற்று எப்படிக் கழிந்தது, எங்கே வழுக்கப் பார்த்தது, அவ்வளவுதான். வெயிலுமுத்து, "நல்ல ஆளா ஆயிட்டுத்தான் ஊருக்குப் போவணும்னு மூணு வருசம் அம்மையப் பாக்காமக் கெடந்தேன், நான் ஆவுததுக்குள்ள அம்மை போயிட்டா" என்றான். என் பிள்ளையும் இதையேதான் எழுதியிருக்கிறான், குடியை விட்ட பிறகு கூட்டிவரட்டுமா என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள், கேலிச் சிரிப்பில்லை. பிரம்மநாயகம், "விட்டுட்டு இங்க வந்தவன் ஒருத்தன்கூடக் கெடையாது தாயி, இவனுவ மொத நாள் வந்தப்ப ஒருத்தனுக்கும் வேட்டி இடுப்புல நிக்கல" என்றார். இப்போது ஞாயிறுதோறும் போய் ஓரமாக உட்காருகிறேன். ஆம்பிளைக் கூட்டத்துல ஒனக்கு என்ன சோலி என்று அப்பா முதலில் கத்தினார், போன வாரம் ஒன்றும் சொல்லாமல் என் பின்னாலேயே வந்து கொட்டகை வாசலில் நின்றார்.

ஐயா சுயம்பு, தண்ணீரைக் காய்ச்சிக் குடி, வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே. எண்ணெய் தேய்த்துக் குளி. மாடசாமி உன் பக்கத்திலேயே நிற்பார், நூறு வயசு இருப்பாய். ரயிலேறும் நாளை ஒரு கார்டில் எழுதிப்போடு, அதை மறக்கவேண்டாம், தாதர் ஸ்டேஷனுக்கு நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். குடியை விட்டுவிட்டு வரவேண்டாம் ராசா. குடித்திருந்தாலும் வா, தள்ளாடிக்கொண்டே இறங்கு, நான் பிடித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா,
கோமதியம்மாள்