பச்சை விளக்கு எரியும் பத்து நிமிடங்கள்

என் பிரியமுள்ள பிலோ மதினிக்கு,

நீங்கள் போய் நான்காவது மாதம் நடக்கிறது. அண்ணன் இப்போது தானே சமைக்கிறார். ரசம் கைவந்துவிட்டது, தொட்டுக்கொள்ளும் வெஞ்சனம்தான் எதை வைத்தாலும் ஒரே ருசி. சின்னவளுக்குக் கல்லூரி திறந்துவிட்டது. வீட்டுச் சேதி இவ்வளவுதான். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது நம் பெட்டியைப் பற்றிச் சொல்ல.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தோல் பதனிடும் தோல்ஷாப்புகளில் கழிவுத் தண்ணீர் தேங்கும் தொட்டிகளுக்கு மேலே மாட்டுகிற பெட்டி அது. விஷவாயு கூடினால் சென்சார் உணரும். உடனே சிவப்பு விளக்கு எரிந்து மணி அலறும். சென்சார் சொல்வதைக் கேட்டு விளக்கையும் மணியையும் இயக்குகிற சர்க்யூட் என்னுடையது. கம்பிகளைப் பற்றவைப்பதும், ஏணி போட்டுச் சுவரில் மாட்டுவதும் நீங்கள்.

நீங்கள் ஸ்கூட்டரில் போய் இறங்கினாலே, "மோப்பக்காரம்மா வந்தாச்சு, மூக்கப் பொத்துங்கடா" என்று வேலையாட்கள் கேலி செய்வார்களாம். "ஒங்க மூக்கு செத்து எத்தன வருசமாச்சு, எதப் பொத்தப்போறீங்க?" என்று நீங்களும் திருப்பிக் கொடுப்பீர்களாம். அது கேலி மட்டும் இல்லை. அந்த வாயு முதலில் அழுகிய முட்டையாக நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போகும், நாற்றமே தெரியாது. அதற்குப் பிறகு ஆளுக்கு அதிக நேரம் கிடையாது.

அந்த மத்தியானம் நினைவிருக்கிறதா? பையைப் பலகைமேல் போட்டுவிட்டு வந்த வேகத்தில் சொன்னீர்கள். "ஏ புள்ள, கரண்டு போய்ப் போய் வரும்போதெல்லாம் ஒன் பொட்டி ஊளையிடுதாம். மணிமேல துணியச் சுத்தி வச்சிருக்காங்ஙே. அத செத்த நேரம் வாய மூட வையி."

அவர்கள் சொன்னது நியாயம்தான். சென்சார் சூடாகும்வரை அதன் அளவு தப்பாகத்தான் இருக்கும், வாயு இல்லாமலே அலறும். அதனால் கரண்டு வந்த முதல் பத்து நிமிடம் மணி அடிக்காதபடி சர்க்யூட்டை மாற்றினேன். நீங்கள் ஒன்றே ஒன்று கேட்டீர்கள்.

"அந்தப் பத்து நிமிசம் என்ன லைட்டு எரியும்?"

"பச்சைதான் மதினி. பயப்படாம இருப்பாங்க."

"சரி, படிச்சவ சொல்ற" என்று சால்டரிங் கம்பியைக் கையில் எடுத்தீர்கள். ஏன் மதினி, ஏன் இன்னொரு தடவை கேட்காமல் விட்டீர்கள்?

பெட்டிக்குள் பேட்டரி இருந்திருந்தால் கரண்டு போனாலும் சென்சார் சூடாகவே இருந்திருக்கும். அந்தக் காற்றில் பேட்டரி முனைகள் கறுத்துப்போகின்றன என்று அதையும் நான்தான் எடுத்தேன். நம் பட்டறையில் யுபிஎஸ் இருக்கிறது. மேசையில் சோதித்தபோது ஒருநாளும் கரண்டு போனதில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் பேகம்பூர் பக்கத்திலிருந்து ஒரு மேஸ்திரி கூப்பிட்டார். அங்கே ஒரு மணி நேரம் கரண்டு இல்லாமல் கசடு படிந்து குழாய் வாய் அடைத்திருக்கிறது. கரண்டு வந்ததும் தொட்டியைக் கலக்கும் மோட்டார் சுற்ற, அடியில் கிடந்த வாயு எல்லாம் மேலே வந்திருக்கிறது. பத்து நிமிடம் ஆகவில்லை, நம் பெட்டியில் பச்சை எரிந்துகொண்டிருந்தது. அங்கே வேலை பார்க்கும் காதர் பாய் அடைப்பெடுக்க இரண்டு படி இறங்கியிருக்கிறார். மூன்றாவது படியில் அவருக்கு நினைவு இல்லை. பக்கத்தில் நின்றவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தார்.

நான் திட்டு வாங்கத் தயாராகப் போனேன். மேஸ்திரி நாற்காலி போட்டு டீ வாங்கிக் கொடுத்தார்.

"பொட்டி மேல ஒரு தப்பும் இல்லம்மா. பச்சை எரிஞ்சத நானே பாத்தேன். இவன்தான் வெறும் வயித்துல வந்து மயங்கிட்டான்."

காதர் பாயும் தலையாட்டினார். "நாத்தமே இல்லம்மா. அதான் தைரியமா எறங்குனேன்."

அந்த டீயை நான் முழுவதும் குடித்தேன், மதினி. அந்தப் பத்து நிமிடப் பச்சையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பட்டறைக்கு வந்து, ஒரு பெட்டியை மேசையில் வைத்து, கரண்டை நிறுத்திப் போட்டு, சோதனைக்கு வைத்திருக்கும் வாயுவைச் சென்சார்மேல் விட்டேன். பச்சை அசையாமல் எரிந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுநாளே மாற்றத் தொடங்கினேன். இப்போது அந்தப் பத்து நிமிடமும் சிவப்பு எரியும், மணி விட்டுவிட்டுக் கூவும். அதே மேஸ்திரியிடம் முதலில் போய் உண்மையைச் சொன்னேன். அவர் பெட்டியை அண்ணாந்து பார்த்தார். பிறகு, "திரும்பவும் ஊளையாம்மா?" என்றார்.

"ஊளையிடட்டும் மேஸ்திரி. அது ஓயிற வரைக்கும் ஒருத்தரும் தொட்டிக்கிட்ட போகக் கூடாது."

எந்தெந்த இடத்தில் மாட்டினோம் என்று உங்கள் நோட்டைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. அதில் ஒரு பெயராவது எழுதினீர்களா? ‘சிரிக்கிற மேஸ்திரி.’ ‘ரெண்டு புளியமரம்.’ ‘மோர் குடுத்த வீட்டுக்காரர்.’ சிரித்தேன், அழுதேன், ஒவ்வொன்றாக விசாரித்துக் கண்டுபிடித்தேன். பத்தொன்பதில் பதினெட்டை மாற்றியாயிற்று. கடைசி வரியில் மாட்டிக்கொண்டேன். ‘நாய் கடிச்ச எடம்.’

உங்களை எப்போது நாய் கடித்தது? ஊசி போட்டுக்கொண்டீர்களா? வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் உங்கள் கடைசிப் பதினோரு நாளும் பக்கத்தில் இருந்தேன், இந்த நோட்டைப் பற்றி ஒரு தடவைகூடக் கேட்கத் தோன்றவில்லையே.

நடந்ததை எல்லோருக்கும் தெரிய எழுதப்போகிறேன் என்றதும் அண்ணன் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "நம்ம பொழப்பு என்னத்துக்கு ஆகும்? செத்தவ பேரையும் சேத்து இழுக்கணுமா?"

"அவங்க பேரு கெடாதுண்ணே. அவங்க சரியாத்தான் கேட்டாங்க. நாந்தான் தப்பாச் சொன்னேன்."

அவர் கரண்டியைத் திரும்ப எடுத்தார். அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "எந்த நாயின்னு அவ எங்கிட்டயும் சொல்லல" என்றார்.

நாளைக்கு மாதாந்திரப் பராமரிப்பு என்று மின்வாரிய அறிவிப்பு வந்திருக்கிறது. காலை ஒன்பதிலிருந்து மதியம்வரை கரண்டு இருக்காது. அவ்வளவு நேரமும் கசடு படியும். பிறகு எல்லாத் தொட்டிகளிலும் ஒரே நேரத்தில் மோட்டார் சுற்றும். எங்கோ ஒரு சுவரில் பச்சை எரியும். அதைப் பார்த்து நம்பி ஒருவர் படியில் கால் வைப்பார்.

அதனால் இந்தக் கடிதத்தை இன்று இரவே எல்லாத் தோல்ஷாப் வாட்ஸ்ஆப் குழுக்களிலும் போடுகிறேன். படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: பெட்டி வெளிர்நீலம். மூடியில் என் மதினியின் கோணல் எழுத்தில் ‘தொடாதே’ என்று இருக்கும். ஏணியும் துளைபோடும் மிஷினுமாக வந்த ஒரு அம்மாவை உங்கள் தோல்ஷாப் வாசலில் நாய் கடித்தது யாருக்காவது நினைவிருந்தால், தயவுசெய்து கரண்டு வருவதற்குள் என்னைக் கூப்பிடுங்கள். பெட்டி இருந்தாலும் கரண்டு வந்தபின் அரை மணி நேரம் தொட்டிப் பக்கம் யாரும் போகாதீர்கள். பச்சையை நம்பாதீர்கள்.

மதினி, நேரத்துக்குள் கண்டுபிடித்துவிடுவேன் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க என்னால் முடியவில்லை. யாரும் கூப்பிடாவிட்டாலும் விடிந்ததும் கிளம்பி, வாசல் வாசலாகக் கேட்டுக்கொண்டே போவேன் என்று மட்டும் கொடுக்கிறேன். கரண்டு வரும்போது நான் ஏதோ ஒரு தொட்டியின் ஓரத்தில் ஆட்களைத் தடுத்துக்கொண்டு நிற்பேன். அது சரியான தொட்டிதானா என்பது எனக்குத் தெரியாது.

உங்கள் நாத்தனார்,
ஜெசிந்தா